பில்பாவோவின் லா ரிபேரா சந்தையில் அப்பாவோடு மீன் வாங்கிய ஆறு வாரங்கள்

வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் பகுதியில் இருக்கும் பில்பாவோவுக்கு வேலை விஷயமாக வந்த முதல் இரண்டு மாதத்தில் லா ரிபேரா சந்தைக்கு மூன்று முறை போனேன், மூன்று முறையும் வெறும் பையோடு திரும்பினேன். முதலில் போனது ஞாயிற்றுக்கிழமை. உள்ளே இருக்கும் பார்களில் கூட்டம் அலைமோதியது, ஆனால் காய்கறி, இறைச்சி, மீன் என்று ஒரு கடை திறக்கவில்லை. இரண்டாவது முறை திங்கட்கிழமை காலையில் போனேன். காய்கறிக் கடைகள் திறந்திருந்தன, மீன்கடைகளில் பாதிக்கு மேல் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போவதில்லை, அதனால் திங்கட்கிழமை புது மீன் கிடையாது என்பது ஸ்பெயினில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாம். மூன்றாவது முறை வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே மற்றதெல்லாம் அப்புறம், முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் முதல் சனி வரை, காலை 8 மணிக்கு மேல், மதியம் 1 மணிக்குள் போங்கள். மாலையில் சில கடைகள் மறுபடி திறக்கும் நாட்களும் உண்டு, ஆனால் மீன் வாங்குகிறவர்கள் காலையில்தான் வருவார்கள். சனிக்கிழமை கூட்டம் அதிகம், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தங்கள் தோட்டத்து விளைச்சலைக் கொண்டுவருகிற விவசாயிகளையும் அன்றைக்குப் பார்க்கலாம். வழி சுலபம். மெட்ரோவில் சஸ்பிகலேயாக் நிலையத்தில் இறங்கினால் பழைய ஊருக்குள் ஐந்து நிமிட நடை, டிராமில் வந்தால் ரிபேரா நிறுத்தம் சந்தையின் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் நடுவில் நாகப்பட்டினத்திலிருந்து அப்பா வந்தார், ஆறு வாரம் தங்குவதாக. எங்கள் வீட்டில் மீன் வாங்குவது எப்போதும் அப்பாதான். அம்மா இருந்த காலத்திலும் அப்படித்தான், குழம்பு அம்மா வைப்பார், மீனைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரம் அப்பாவுக்கு. வந்த மூன்றாம் நாளே, "ஏம்மா, இந்த ஊர்ல ஆறு இருக்கு, கடல் பக்கத்துல இருக்குங்கற, மீன் எங்க விக்கிறாங்க?" என்று கேட்டார். அப்படித்தான் என்னுடைய நான்காவது முறை தொடங்கியது.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஊரின் ஓரத்தில், நெர்வியோன் ஆற்றங்கரையை ஒட்டி, கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது போல நீளமாக நிற்கிறது. ஊருக்குள் வரும் இடத்தில் இந்த ஆற்றில் கடல் ஏறி இறங்கும், அதனால் இதை உள்ளூரில் ஆறு என்று சொல்லாமல் ரியா என்கிறார்கள். அப்பா முதலில் கவனித்ததே கரைச்சுவரில் பாசி படிந்திருக்கும் கோட்டைத்தான். "இது வத்தம்மா, மதியம் பாரு ஏறியிருக்கும்" என்றார், ஏறியிருந்தது. பக்கத்திலேயே சான் அந்தோன் தேவாலயமும் பாலமும் இருக்கின்றன. ஊரின் சின்னத்தில் இரண்டு ஓநாய்களோடு இருப்பவை இந்தத் தேவாலயமும் இங்கே முன்பு இருந்த பழைய பாலமும்தான். 1300-இல் ஊர் உருவானதிலிருந்து சரக்கு வந்து இறங்கியதும் விற்றதும் இந்த ஓரத்தில்தான். பின்னாலுள்ள பழைய ஏழு தெருக்களின் பெயர்களைப் பாருங்கள், ஒன்று கடைத்தெரு, இன்னொன்று பழைய கசாப்புக்கடைத் தெரு. சந்தைக்குப் போகும்போதோ வரும்போதோ அந்தத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது.

இப்போது நிற்கும் சந்தையைப் பெத்ரோ இஸ்பிசுவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார், 1929-இல் திறந்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த கான்கிரீட்டில், வெளிச்சமும் காற்றும் தாராளமாக வருகிற மாதிரி கட்டியது. வண்ணக் கண்ணாடிகளைத் தலை தூக்கிப் பாருங்கள், வெயில் அடிக்கும் காலையில் அவை கொடுக்கிற நிறம் வேறு. 1983 ஆகஸ்ட் 26 அன்று, ஊர்த் திருவிழா வாரத்தின் நடுவில், வெள்ளம் வந்து பழைய ஊரையே மூழ்கடித்தது. சந்தையும் தப்பவில்லை. அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்டும் குறிகள் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. அதில் ஒன்றின் கீழே நின்று அப்பா கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. அதற்குப் பிறகும் சந்தை எழுந்து நின்றது. 1990-இல் கடைகளின் எண்ணிக்கையிலும் வணிகர்களின் எண்ணிக்கையிலும் மிக முழுமையான நகராட்சி உணவுச் சந்தை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. 2009-இல் தொடங்கிப் பகுதி பகுதியாகப் புதுப்பித்துக் கட்டினார்கள். கடைகள் இப்போது பழையபடி இல்லை, மிகவும் குறைந்துவிட்டன. ஒரு பகுதியில் பின்ச்சோ என்கிற சிறு தின்பண்டமும் ஒயினும் விற்கிற பார்கள் வந்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அங்கேயே சாப்பிட்டு, நாலு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. மீன்கடைக்காரரின் ஐஸ் மேடைக்கு முன்னால் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் அந்தக் கடை பிழைக்காது. இருநூறு கிராம் நெத்திலியாவது வாங்குங்கள். தங்கும் இடத்தில் அடுப்பு இல்லையா, கொஞ்சம் பாலாடைக்கட்டி, ஒரு தக்காளி, ஒரு ரொட்டி வாங்கினால் மதியச் சாப்பாடு முடிந்தது.

சரி, எப்படி வாங்குவது?

கடை முன்னால் நம் ஊர்போல முண்டியடிப்பதும் கிடையாது, ஒழுங்காக வரிசை கட்டி நிற்பதும் கிடையாது. ஆட்கள் அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். யாருமே வரிசையில் இல்லை என்று நினைத்து நான் நேராகப் போய், "இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டேன். பேச்சு நின்றுவிட்டது. யாரும் திட்டவில்லை, ஆனால் கையில் கோலோடு நின்ற ஒரு பாட்டி என் தோளைத் தொட்டு, தனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருப்பதை விரலால் காட்டினார். பிறகுதான் முறை புரிந்தது. கடைக்கு வந்ததும் பொதுவாக ஒரு குரல் கொடுக்க வேண்டும், "கியேன் எஸ் எல் உல்திமோ?" என்று. கடைசி ஆள் யார் என்று அர்த்தம். யாராவது ஒருவர் "யோ", அதாவது நான், என்பார். அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அவருக்கு அடுத்து நீங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்கும்போது நீங்கள் "யோ" என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் உங்கள் இடம் உறுதி. அதற்குப் பிறகு பக்கத்துக் கடையில் எட்டிப் பார்த்துவிட்டுக்கூட வரலாம். சில கடைகளில் சீட்டு எண் கொடுக்கும் இயந்திரம் இருக்கும், அங்கே இந்தக் கேள்வி தேவையில்லை. அப்பாவுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் அவர் கற்றிருந்த ஸ்பானிஷ் மொத்தமே இந்தக் கேள்வியும் பதிலும்தான், அதை வைத்துக்கொண்டு நான் இல்லாமலேயே சந்தைக்குப் போய்வந்தார்.

இரண்டாவது, தொடக் கூடாது. இது அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல், வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் வாழ்நாளில் மீன் வாங்கியதில்லை அவர். கையை நீட்டினார், கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே "நோ, நோ" என்று சொல்லிவிட்டுத் தானே அந்த மீனை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்பா விரலால் தன் கன்னத்துக்குக் கீழே தொட்டுக் காட்டுவார், அந்த அம்மா செவுளைத் திறந்து காட்டுவார். காய்கறிக்கும் பழத்துக்கும் இதே கதைதான். எப்போது சாப்பிடப் போகிறீர்கள், இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டு, அதற்கேற்ற பழத்தை அவர்களே எடுத்துத் தருவார்கள். நம்பி விடலாம். எனக்கு ஒருமுறைகூட அடியில் அழுகல் வரவில்லை.

மூன்றாவது, அளவு. இங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெண் பன்றித்தொடை வாங்கும்போது "க்வார்தோ இ மிதாத்" என்றார். கால், அப்புறம் பாதி. அரை கிலோவா, முக்கால் கிலோவா என்று எனக்குக் குழப்பம், தராசில் 375 கிராம் காட்டியது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் சொன்னேன், கால் கிலோ, அதோடு அந்தக் காலில் பாதி, இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று. அப்பா நடப்பதை நிறுத்திவிட்டு, "காலே அரைக்கால்" என்றார். அவ்வளவுதான், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய அப்பா மளிகைக்கடையில் வாய்ப்பாடாகச் சொன்ன கணக்கு, நான் ஒருநாளும் பயன்படுத்தாத கணக்கு, பில்பாவோவில் ஹாம் விற்கும் கடையில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களும் தயங்காமல் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஹாமோ பாலாடைக்கட்டியோ வாங்க அது சரியான அளவு.

மீனுக்கு வருகிறேன். விலைச்சீட்டை அவசரப்படாமல் படியுங்கள். மீனின் பெயர், பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல், எந்த முறையில் பிடித்தது, உறைய வைத்து இளக்கியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடல் பகுதிக்கான எண் 27 என்றால் வடகிழக்கு அட்லாண்டிக், அதாவது இந்தப் பக்கத்துக் கடல். தூண்டிலில் பிடித்த மெர்லூசா என்கிற ஹேக் மீனுக்கு வலையில் பிடித்ததைவிட விலை கூட இருக்கும், சதை நசுங்காமல் வரும் என்பதால். வெள்ளைச் சதை, மென்மையான மீன், நம் குழம்புக்கு நிற்காது, உடைந்துவிடும். இதை நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். லேசாக மாவு புரட்டிப் பொரித்தாலோ, பூண்டும் பார்ஸ்லியும் போட்ட பச்சைச் சாற்றில் ஐந்து நிமிடம் வேகவைத்தாலோ அருமை. அதன் தாடைக்குக் கீழே இருக்கிற சின்ன முக்கோணச் சதைக்குக் கொகோச்சா என்று பெயர், தனியாக எடுத்து விற்பார்கள். விலையைப் பார்த்து முதலில் பின்வாங்கினோம். ஒரே ஒரு முறை வாங்கினோம், வழவழவென்று நாக்கில் கரைந்தது.

வாங்கிய மீனை எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். துண்டு போட "ரொதாஹாஸ்", முள் நீக்கிய சதையாக வேண்டும் என்றால் "லோமோஸ்". செதில், குடல் எடுத்துச் சுத்தம் செய்வதற்குத் தனிக் காசு இல்லை. தலையும் நடுமுள்ளும் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். அப்பா தலைக்காகவே பெரிய மீன் வாங்கினார். பாஸ்க் வீடுகளிலும் அதைச் சூப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதனால் வெளியூர்க்காரர் தலையைக் கேட்டு வாங்குவது கடைக்காரருக்குச் சந்தோஷம்.

ஏப்ரல், மே இரண்டும் நெத்திலிக் காலம். நம் நெத்திலியைவிடப் பெரிது, நடுவிரல் நீளம், முதுகு பச்சை கலந்த நீலமாக மின்னும். பிஸ்கே விரிகுடாவில் இந்த மீன் அநேகமாகத் தீர்ந்துபோய் 2005-இல் மீன்பிடிப்பை நிறுத்தி, 2010-இல்தான் மறுபடி முறையாகத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தைப் பற்றிக் கடைக்கார அம்மா பேசும்போது நம் ஊரில் மழை பொய்த்த வருடங்களைச் சொல்கிற மாதிரி இருந்தது. அப்பா அரை கிலோ வாங்கி, மஞ்சள்தூளும் நான் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளும் தடவி வறுத்தார், அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. ஒரு எச்சரிக்கை. இந்த நெத்திலியை வேகவைக்காமல் வினிகரில் ஊறப்போட்டுச் சாப்பிடுகிற பழக்கம் இங்கே உண்டு. வீட்டில் செய்வதாக இருந்தால் முதலில் மைனஸ் 20 டிகிரியில் 5 நாள் உறைய வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அனிசாகிஸ் என்ற புழு மீனுக்குள் இருக்கலாம், வினிகருக்கு அது சாகாது.

அடுத்தது பகலாவோ. உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், நம் கணக்கில் கருவாடு. இதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. இந்த மீன் பாஸ்க் கடலில் கிடைப்பதே இல்லை, வடக்கே ஐஸ்லாந்து, ஃபரோ தீவுகள் பக்கமிருந்து வருகிறது, ஆனாலும் இந்த ஊருக்கு அடையாளமான உணவு இதுதான். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1830-களில் ஒரு வணிகர் 100 அல்லது 120 மீன் அனுப்பச் சொல்லி எழுதினாராம். ஸ்பானிஷில் 'அல்லது' என்பதற்கு 'ஓ' என்ற ஒரே எழுத்துதான், அதைப் பூஜ்ஜியம் என்று படித்துவிட்டதால் 10,00,120 மீன் வந்து இறங்கியதாம். திகைத்துப்போனார், ஆனால் ஸ்பெயினின் அரியணைக்காக நடந்த கார்லிஸ்ட் போரில் ஊரை முற்றுகையிட்டபோது பில்பாவோ மக்கள் அதைச் சாப்பிட்டுத்தான் பிழைத்தார்களாம். எவ்வளவு உண்மையோ, சொல்கிறவர்கள் கண்ணில் பெருமை தெரிகிறது.

இதில் நாங்கள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். கருவாடுதானே என்று ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்து மறுநாள் சமைத்தோம், வாயில் வைக்க முடியவில்லை. அத்தனை நல்ல மீன் வீணாகப் போனதில் அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னதும் பொறுமையாக விளக்கினார். தடித்த துண்டுக்கு 36 முதல் 48 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டிக்குள், தோல் மேலே இருக்கும்படி வைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். தோல் கீழே இருந்தால் உப்பு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். சில நாள் மட்டும் தங்குகிறவர்கள் ஏற்கெனவே உப்பு நீக்கியதைக் கேட்டு வாங்குங்கள், "தெசாலாதோ" என்று சொன்னால் போதும்.

இரண்டாம் முறை பில்பில் செய்தோம். மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், அதில் பூண்டுச் சீவலும் ஒரு காய்ந்த மிளகாயும் சிவந்ததும் எடுத்துவிட்டு, மீன் துண்டுகளைச் சிறு தீயில் வைத்து, வெந்ததும் இறக்கி, கொஞ்சம் சூடு தணியவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்து வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் தோலிலிருந்து இறங்குகிற பசைதான் எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகிறது, மாவும் இல்லை முட்டையும் இல்லை. முதல் ஐந்து நிமிடம் வெறும் எண்ணெயாக, மஞ்சளாகத் தளதளத்தது. அப்புறம் சட்டியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, அது மெல்ல உள்ளே பரவி, மோர்க்குழம்பு பதத்துக்கு வந்து நின்றது. அப்பா கை வலிக்கிறது என்று என்னிடம் கொடுக்கவே இல்லை. எண்ணெய் ரொம்பச் சூடாக இருந்தால் இது கூடிவராது, அது ஒன்றுதான் சூட்சுமம்.

கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் கருஞ்சிவப்பு மிளகாயைப் பார்த்து அப்பா ஒரு சரம் எடுக்கச் சொன்னார், காரத்துக்கு ஆகும் என்று. அது சொரிசேரோ, காரமே கிடையாது. ஊறவைத்து, பிளந்து, உள்ளே இருக்கிற சதையைக் கரண்டியால் வழித்து எடுத்து, வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்தால் அதுதான் பில்பாவோ இருக்கும் பிஸ்காயா மாகாணத்துச் சாற்றின் அடிப்படை. இனிப்பும் மண்வாசனையும் கலந்த ருசி. வசந்தத்தில் பெரெச்சிகோ என்ற வெள்ளைக் காளானும் வரும், ஒரு கைப்பிடி வாங்கி முட்டையோடு கிளறினால் போதும். இதியசபால் பாலாடைக்கட்டி லாச்சா என்ற செம்மறியாட்டின் பாலில், பாலைக் காய்ச்சாமல் செய்வது. புகையூட்டியது, ஊட்டாதது என்று இரண்டு வகை உண்டு, இரண்டையும் கேட்டால் ஒரு சீவல் கொடுப்பார்கள். ஊருக்கு எடுத்துப் போவதானால் காற்று நீக்கிய உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், "அல் பாசியோ".

இன்னும் ஒன்று. உள்ளே போகும்போது "கைஷோ", கிளம்பும்போது "எஸ்கெர்ரிக் அஸ்கோ", "அகுர்" என்று பாஸ்க் மொழியில் சொல்லிப் பாருங்கள். வணக்கம், நன்றி, வருகிறேன். தன் மொழியில் கடைப்பலகை வைக்க முடியாத காலத்தைப் பார்த்த ஊர் இது, இந்த மூன்று வார்த்தைக்கு அவர்கள் முகம் மலர்வதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

மே மாதக் கடைசியில் அப்பா கிளம்பினார். மீன்கடை அம்மா, கோடையில் போனிதோ வரும், அதைப் பார்க்காமல் போகிறாரே என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். கோடையில் தூண்டில் போட்டுப் பிடிக்கிற வெள்ளைச் சூரை அது. ஜூலையில் வந்ததும் முதல் வேலையாக இரண்டு துண்டு வாங்கி, உருளைக்கிழங்கோடு சமைத்து, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"வயித்துப் பக்கம் கேட்டியா?"

கேட்கவில்லை. வயிற்றுப் பக்கத்துக்கு வென்த்ரெஸ்கா என்று தனிப் பெயர் இருக்கிறது, கொழுப்பு அதிகம், சீக்கிரம் விற்றுவிடும் என்று மறுநாள் காலை எட்டரை மணிக்கு அந்த அம்மாதான் சொன்னார். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது, காலே அரைக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.